யாரு ஓதிப் பார்த்தாங்க?

அந்தப் பெண்ணுக்கு வயது 20. பிள்ளை பெற்று 23 நாள் ஆகியிருந்தது. உம்மா ஒரு பக்கமும் மாமி ஒரு பக்கமுமாகப் பிடித்து அழைத்து வந்தார்கள். கைக்குழந்தை உடன் வரவில்லை. கழுத்தில் இரண்டு தாயத்து, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. "அது என் புள்ள இல்ல, மாத்தி வச்சுட்டாங்க" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை என்றார் உம்மா. நான் சீட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன். 14 நாள்.

"ஏம்மா இத்தன நாளா கூட்டிட்டு வரல?"

"ஓதிப் பாத்துக்கிட்டு இருந்தோம். நாப்பது நாள் முடியாம வெளிய கூட்டிட்டு வரவும் யோசனை..."

"ஓதினா தூக்கம் வந்துருமா?"

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார், உள்நோயாளியாகச் சேர்க்கவும் சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. மறுவாரம் வீட்டைத் தேடிப் போனேன். கதவு பாதி திறந்தது. "பொண்ண, வெளிநாட்டு சபர்ல இருக்க மச்சான் வீட்டு ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

பிரசவத்துக்குப் பின் வரும் இந்தத் தீவிர மனநோய் ஆயிரம் பேறுகாலத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். உடனே மருந்து கொடுத்தால் நன்றாகத் தெளியக்கூடியது. தள்ளிப்போட்டால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். எதை எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பெண் எட்டு மாதம் கழித்து வேறோர் ஊர் மருத்துவரிடம் போய்க் குணமானாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் பிள்ளை தன் பாட்டியான நன்னியை 'உம்மா' என்று கூப்பிடப் பழகியிருந்தது.

*

நான் மனநல சமூகப் பணியாளர். மாவட்ட மனநலத் திட்டத்தில் இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வேலை. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் செய்து பார்த்த முறைதான் 1996-ல் நாடு தழுவிய திட்டமாக வந்தது. பெரிய மனநல மருத்துவமனைக்கு நோயாளி வரட்டும் என்று காத்திராமல், தாலுகா ஆஸ்பத்திரிக்கே மருத்துவரையும் மாத்திரையையும் கொண்டுபோவது அதன் சாரம். நான் 2003-ல் வேலைக்கு வந்தபோது இந்தப் பக்கத்தில் எல்லோர் மனதிலும் ஒரே ஒரு தேதிதான் இருந்தது: 2001 ஆகஸ்ட் 6. தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று எழுதிவைத்தது.

அந்தத் தீ எங்கள் துறைக்கு ஒரு வைராக்கியத்தைத் தந்தது. கூடவே ஒரு குருட்டுத்தனத்தையும் தந்தது. தர்கா என்றால் சங்கிலி, ஓதுவது என்றால் தாமதம் என்றே பேசிப் பழகினோம். ஆனால் சங்கிலி போட்டவை தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் கொட்டகைகள். தர்காவோ, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத ஆளை 'போ' என்று சொல்லாத இடம். கனவில் உத்தரவு வரும்வரை என்று மாதக்கணக்கில் தங்கியிருந்தவர்களில் இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது பக்தி மட்டுமல்ல. பக்கத்தில் வேறு வாசல் எதுவும் திறந்திருக்கவில்லை.

இதை நான் மறந்திருக்கவே கூடாது. நானும் இதே கடற்கரைக்காரி. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் உம்மா முதலில் பள்ளிவாசல் படியோரம்தான் தூக்கிக்கொண்டு போவார். மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வருபவர்கள் ஒவ்வொருவராக என் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அதே வரிசையில் பக்கத்துத் தெரு இந்து வீட்டுத் தாய்மார்களும் பிள்ளையோடு நிற்பார்கள். அது முடிந்துதான் டாக்டர். இரண்டு வருஷப் படிப்பு அந்தப் படிக்கட்டையே என் நினைவிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், இந்து. அவர்தான் என்னைத் திருத்தினார். "நீங்க கேட்ட கேள்வி அந்தம்மா காதுல எப்படி விழுந்துச்சு தெரியுமா? 'உன் புள்ளைய நீயே கெடுத்துட்ட'ன்னு விழுந்துச்சு. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல யாரு பாத்தாங்கன்னு கேப்பேன். சொல்ல ஆரம்பிச்சுட்டா நிறுத்த மாட்டாங்க."

எங்கள் புறநோயாளி நாளான அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து என் முதல் கேள்வி மாறியது: "யாரு ஓதிப் பார்த்தாங்க?"

*

பதில் கொட்டியது. எந்த ஹஜ்ரத், என்ன சொன்னார், தண்ணீர் ஓதித் தந்தாரா இஸ்மு எழுதித் தந்தாரா, எந்த தர்காவில் எத்தனை இரவு தங்கினார்கள், யார் செய்வினை என்றார், யார் கண்ணேறு என்றார், எவ்வளவு செலவானது எல்லாம் வந்தது. எனக்கு வேண்டிய நோய் வரலாறு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. 'எப்போதிலிருந்து இப்படி?' என்று கேட்டால் "ரொம்ப நாளா" என்பார்கள். 'தாயத்து எப்போ கட்டினீங்க?' என்று கேட்டால், "பராஅத் ராத்திரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை" என்று தேதியே வரும்.

சொற்களும் வந்தன. மனச்சோர்வு என்ற சொல்லை எங்கள் வரிசையில் யாரும் சொல்வதில்லை. "கல்பு அடிச்சுக்குது", "ரூஹு போற மாதிரி இருக்கு", "மேலெல்லாம் வலி", "தொழுகையில நிக்க முடியல" என்பார்கள். கடைசியில் சொன்னதைக் கவனிக்காமல் விட்டால் பாதி நோயாளிகளைத் தவறவிடுவோம். ஐந்து வேளை தொழுத பெண், இப்போது முஸல்லாவை விரிக்கவே மனசில்லை என்று அழுதால், அது நோயின் அடையாளம். வீட்டில் அதற்கு, இறைநம்பிக்கை போதவில்லை என்ற பொருளில், வேறு பெயர் வைத்திருப்பார்கள்: ஈமான் குறைச்சல்.

நான் கேட்ட நோய்க்கணிப்புகளிலேயே கொடூரமானது இந்த இரண்டு வார்த்தைதான். ஜின் என்று சொன்னாலாவது குற்றம் வெளியே இருக்கும். ஈமான் குறைச்சல் என்றால் நோயாளியே குற்றவாளி. தர்காவை நம்புகிற உம்மாவும், தர்கா கூடாது என்கிற தவ்ஹீது மகனும் ஒரே வீட்டில் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். இந்த ஒரு தீர்ப்பில் மட்டும் ஒத்துப்போவார்கள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னால் எடுபடாது. எடுபடும் ஆளைத் தேடி, ஊர்ப் பெரிய பள்ளிவாசலின் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன்.

*

முதல் சந்திப்பில் அவர் ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. "நீங்க தாயத்த அத்துப் போடச் சொல்றீங்களாம்" என்றார். நான் சொன்னதில்லை. ஆனால் எங்கள் பிரிவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை மறுக்காமல் ஒப்புக்கொண்டது பேச்சைத் திறந்துவிட்டது. அவர் படித்த அரபிக் கிதாபுகளில் 'மாரிஸ்தான்' என்ற சொல் இருப்பதை அவரே சொன்னார். நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம். ஒன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவில் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில் புத்தி பேதலித்தவர்களுக்கும் இடம் இருந்தது. பல்க் ஊரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ 934-ல் இறந்தவர். உடலைப் பற்றியும் மனதைப் பற்றியும் ஒரே நூலில் எழுதியவர். காரணம் தெரிந்த துக்கம், காரணமே தெரியாத துக்கம் என்று இரண்டாகப் பிரித்தவர். அவரைப் பற்றி எங்கள் மருத்துவர் எனக்குச் சொன்னதை ஹஜ்ரத்திடம் சொன்னேன். "அப்ப இது உங்க வைத்தியம் இல்ல, நம்ம வைத்தியம்" என்று சிரித்தார்.

ஈமான் குறைச்சலைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு நின்றது. மகனைப் பிரிந்து அழுது அழுது யஃகூப் நபியின் கண் வெளுத்துப்போனது குர்ஆனிலேயே இருக்கிறது, ரசூலுல்லாவின் வாழ்வில் துக்க ஆண்டு என்றே ஓர் ஆண்டுக்குப் பெயர் இருக்கிறது, அவர்களுக்கும் ஈமான் குறைச்சலா என்று அவர் கேட்டார். அதை வெள்ளிக்கிழமை பயானில் சொல்வீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஒன்றரை வருஷம் பார்த்தார்.

அந்த ஒன்றரை வருஷத்தில் எங்களை இணைத்தவள் ஒரு கல்லூரிப் பெண். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்ய உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். கை கழுவிய தண்ணீர் தெறித்துப் பாவாடை நஜீஸ் ஆகிவிட்டதோ என்று குளித்துவிட்டு மறுபடி ஒளு. வீட்டு மாடித் தொட்டி தினம் இரண்டு முறை காலி. முதலில் 'பிள்ளைக்கு எவ்வளவு பேணுதல்' என்று பெருமைப்பட்டவர்கள், அவள் கை தோல் வெடித்த பிறகுதான் கூட்டி வந்தார்கள். எங்கள் பாஷையில் எண்ணச் சுழல் நோய், ஊர் பாஷையில் வஸ்வாஸ், மனதில் எழும் வீண் சந்தேகம். இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. எல்லார் மனதிலும் வஸ்வாஸ் வரும், எல்லாருக்கும் நோய் வராது. ஆனால் அவளுக்கு வந்தது நோய்.

ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனேன். உறுப்பை மூன்று முறை கழுவுவது சுன்னத், அதற்கு மேல் போவது விரும்பத்தகாதது என்றார். உறுதியானதைச் சந்தேகம் முறிக்காது என்ற ஃபிக்ஹு விதியைச் சொன்னார். எனக்குச் சிலிர்த்தது. சந்தேகம் வந்தாலும் திரும்பக் கழுவாமல் அந்தப் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கப் பழக்குவதுதான் இந்த நோய்க்கு நாங்கள் தரும் நடத்தைப் பயிற்சி. மார்க்கச் சட்டமும் பயிற்சியும் கைகோத்து நின்றன. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் ஹஜ்ரத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் போட்டுக்கொண்டிருந்தாள். "ஹஜ்ரத், இப்படி ஆயிருச்சு, ஒளு கூடுமா?" அவரும் கருணையோடு ஒவ்வொரு முறையும், "கூடும் மகளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'கூடும்' என்பதும் ஒரு குவளைத் தண்ணீர். கழுவுவது நின்று, கேட்பது அந்த இடத்துக்கு வந்திருந்தது. மறுபடி மூவரும் உட்கார்ந்தோம். "மகளே, ஒரு தடவ சொல்லிட்டேன். இனி இதக் கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். பதில் சொல்லாததுதான் என் பதில்" என்றார் ஹஜ்ரத். அதைச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்டவருக்கு மார்க்கம் சொல்லாமல் இருப்பது அவர் தொழிலுக்கே மாறானது. மாத்திரையும் பயிற்சியும் அந்த மௌனமும் சேர்ந்து, ஆறேழு மாதத்தில் அவள் ஒளு ஐந்து நிமிஷத்துக்கு வந்தது.

ஓதும் தலத்தில் மருந்தும் இருக்கட்டும் என்ற முயற்சி குஜராத்தின் உனாவா தர்காவிலும் ஏர்வாடியிலும் நடந்திருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு மேசை போட்டால் மட்டும் போதாது என்பது நான் இந்தப் பெண்ணிடம் கற்றது. அடுத்த மேசையில் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

*

என்னுடைய கேள்விகளில் இன்னொன்றும் மாறியது. தற்கொலை எண்ணம் உண்டா என்று எல்லா நோயாளிகளிடமும் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆனால், "சாகணும்னு தோணுதா?" என்று எங்கள் பெண்களிடம் கேட்டால், "அஸ்தஃபிருல்லாஹ், அது ஹராமாச்சே" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். நானும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு நகர்ந்திருக்கிறேன். ஒரு மூதாட்டிதான் தற்செயலாகச் சொன்னார், "மவுத்த குடுன்னுதான் தஹஜ்ஜத்துல துஆ கேக்குறேன்". அன்றிலிருந்து, "மவுத்து வந்துட்டா தேவலன்னு துஆ கேட்டிருக்கீங்களா?" என்று கேட்கிறேன். நீண்ட மௌனம் வரும். பிறகு தலை அசையும். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதெல்லாம் கேட்கலாம்.

முயன்று பிழைத்தவர்களை வீடுகள் மறைக்கும். போலீஸ் வழக்கு வரும் என்ற பயம் ஒன்று, ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று. முதல் பயத்துக்கு 2017 சட்டத்தின் 115-வது பிரிவு பதில் சொல்கிறது: அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. இரண்டாவதற்கு இரகசியம்தான் மருந்து. எங்கள் சீட்டில் 'மன' என்ற சொல்லே இல்லாமல் செய்தோம். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் வரிசைக்கு அடுத்த அறைக்கு மாறினோம். ஆஸ்பத்திரிக்கே வர முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுக்கிறோம். 2022-ல் வந்தது. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

*

நோன்பு விஷயத்தில் தவறு முழுக்க எங்களுடையது.

தையல்காரர் ஒருவர். இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிட்டு எட்டு வருஷமாக நன்றாக இருந்தார். 2019-ல் ரமலான் மே மாதத்தில் வந்தது. எங்கள் ஊர் மே மாதம். பதினோராம் நோன்பு அன்று கை நடுங்கி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடி வந்தார். "நோன்பாளி குடிச்சவன் மாதிரி நடக்குறாரு" என்று தெருவே பேசியிருக்கிறது. லித்தியம் ஓர் உப்பு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்தாக இருக்கும் அளவுக்கும் நஞ்சாக மாறும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மதுரைக்கு அனுப்பி, ஒரு வாரம் டிரிப் ஏற்றிப் பிழைத்தார். எட்டு வருஷத்தில் நாங்கள் ஒருவரும் அவரிடம், "நோன்பு வைக்கிறீங்களா?" என்று கேட்டதில்லை.

இப்போது ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதம் பிறந்ததும் நோயாளிகள் நோட்டை எடுத்துவிடுவோம். ஒரு வேளை மாத்திரைக்காரர்கள் நோன்பு திறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். சிலருக்கு இரு வேளையை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாம். லித்தியம்காரர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. ஜெலட்டின் கூடு ஹலாலா என்று தயங்கி மருந்தை விடுபவர்களுக்கு மாத்திரை வடிவம் இருந்தால் எழுதி வாங்குகிறோம். நோயாளிக்குச் சலுகை உண்டு, நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்று ஹஜ்ரத் சொன்னபோது தையல்காரர் குழந்தை மாதிரி அழுதார். எல்லாரும் சேர்ந்து நோற்கும் மாதத்தில் தனியாகச் சாப்பிடுவதன் அவமானம் அது. இப்போது அஸருக்குப் பிறகு பள்ளியில் நோன்புக் கஞ்சி ஊற்றுவது அவர்தான். அகப்பை அவர் கையில் இருக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.

*

ஹஜ்ரத் ஒருவழியாக ஜும்ஆவில் பேசினார். பெரிய பயான் எதுவும் இல்லை. யஃகூப் நபியைப் பற்றிச் சில வாக்கியங்கள். பிறகு ஜனாஸா அறிவிப்பு, சந்தா பாக்கி அறிவிப்புகளோடு, "செவ்வாக்கிழமை காலை பத்து மணி, அரசு ஆஸ்பத்திரி, எட்டாம் நம்பர் ரூம். கல்புக்கு முடியாதவங்க போய்க் காட்டிக்கிடுங்க" என்றார். சந்தா பாக்கியைப் போல சாதாரணமாக. எனக்கு அதுதான் பெரிய வெற்றியாகப் பட்டது.

ஜமாஅத் கமிட்டியில் ஒருவர், "நம்ம ஊர்ல அப்படி எத்தன பேரு இருக்கப்போறாங்க?" என்றார். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு, புகையிலை தவிர்த்த போதைப் பழக்கத்தையும் சேர்த்து, ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்கிறது. "உங்க ஜும்ஆவுல 500 பேர் நின்னா, ஐம்பது பேர்" என்றேன். யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பைத்துல்மால் பொதுநிதியிலிருந்து தூரத்துக் குப்பங்களின் நோயாளிகளுக்கு ஆட்டோச் செலவு கொடுக்க முடிவானது. மாத்திரை இலவசம்தான். ஆனால் ஒரு நாள் கூலியும் வண்டிச் சத்தமும் சேர்ந்தால் அந்த இலவசம் எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

சுற்றுவட்டார ஹஜ்ரத்மார்களுக்கும் ஓதிப் பார்ப்பவர்களுக்கும் ஓர் அட்டை அடித்தோம். அன்றே அனுப்ப வேண்டியவர்கள் யார் என்று மட்டும்: மூன்று இரவு தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுபவர், சோறு தண்ணீர் மறுப்பவர், மவுத்தைப் பற்றியே பேசுபவர், வலிப்பு வந்தவர், பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள் குணம் மாறியவர். ஓதக் கூடாது என்று அட்டையில் இல்லை. அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகிய ஐந்துக்கும் மட்டும் இடமில்லை என்று இருந்தது. அதில் பேரமே பேசவில்லை. இரண்டு பேர் அட்டையை வாங்க மறுத்தார்கள். ஒருவர் இன்னும் மறுக்கிறார்.

போன வருஷம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு ஹஜ்ரத்தின் போன். "மகளே, ஒரு புள்ள. பெத்து ஏழு நாள். நான் கேட்டுட்டேன், தூங்கி எத்தன நாளாச்சுன்னு. மூணு நாளாம். தண்ணி ஓதிக் குடுத்துருக்கேன். ஆட்டோவும் ஏத்தி விட்டாச்சு."

நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உம்மா கையில் பச்சைக் குழந்தை, மடியில் தண்ணீர் பாட்டில். "யாரு ஓதிப் பார்த்தாங்க?" என்றேன், பழக்கத்தில். "பெரிய பள்ளி ஹஜ்ரத்து" என்றார். உள்ளே அழைத்துப் போகும்போதே மனம் கழித்துப் பார்த்தது. அன்றைக்கு 23, இன்றைக்கு 7. 16 நாள்.

இத்தனை வருஷ வேலைக்கு என்னிடம் இருக்கும் கணக்கு அதுதான். குழந்தையும் கூடவே வந்திருந்தது.